மஹிந்திரா யுனைடெட்: தேசிய சாம்பியன் ஆகி நான்கே ஆண்டில் மூடப்பட்டது ஏன்?

இந்த வாரம் புந்தஸ்லிகாவில் எந்த அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், போனைப் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். மும்பையிலிருந்து போய் தேசிய கால்பந்து லீக்கை ஜெயித்த முதல் கிளப் எது என்று கேட்டால்? செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் பதில் தெரியாது. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. அந்த கிளப் இப்போது கிடையாது.

பெயர் மஹிந்திரா யுனைடெட். 2006-ல் இந்தியாவின் சாம்பியன், 2010-ல் கலைக்கப்பட்டது. அதே காலத்தில் ஜெர்மனியில் சுமார் 50,000 பேர் வாழும் ஒரு ஊரின் கிளப், கீழ் அடுக்கில் ஆரம்பித்து உச்ச லீக்வரை ஏறியது. இவ்வளவு பெரிய மும்பையில் கிளப் நிலைக்கவில்லை, அந்தச் சின்ன ஊரில் நிலைக்கிறது. எப்படி?

சுருக்கமாக

- மும்பை கால்பந்து வளர்ந்தது கம்பெனி அணிகளால். கம்பெனியின் முடிவு மாறியதும் அணியும் போனது.
- பழைய தேசிய லீக்கில் 11 சீசன்களில் 6 கிளப்கள் சாம்பியன் ஆயின. அவற்றில் இரண்டு மூடப்பட்டன, இரண்டு போட்டியிலிருந்து விலகின. இன்றுவரை உச்ச நிலையில் இருப்பவை உறுப்பினர்கள் சேர்ந்து ஆரம்பித்த இரண்டு கொல்கத்தா கிளப்கள்.
- ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.
- ஒரு கிளப் நிலைக்குமா என்று பார்க்க, அது வென்ற கோப்பைகளைவிட அதன் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் முக்கியம்.

மும்பையில் கால்பந்து எப்படி ஆரம்பித்தது?

ராணுவத்தில். ரோவர்ஸ் கோப்பை 1891-ல் தொடங்கியது. நீண்ட காலம் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள்தான் அதை மாறி மாறி ஜெயித்தன. ராணுவம் சாராத ஒரு இந்திய அணி அதை முதன்முதலாக வென்றது 1937-ல். அந்த அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது. கோப்பை நடந்ததோ மும்பை கூப்பரேஜ் மைதானத்தில், தூக்கிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

அந்த வழக்கத்தை மாற்றிய மும்பை அணிகளில் ஒன்று கால்டெக்ஸ். ஆமாம், எண்ணெய் கம்பெனிதான். 1958-ல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற அந்த அணியின் நட்சத்திரம் நெவில் டிசூசா. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது.

கால்டெக்ஸ் இப்போது எங்கே? 1970-களில் அரசு அதன் இந்தியத் தொழிலைக் கையகப்படுத்தி, பிறகு இந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு இணைத்துவிட்டது. கோப்பை ஜெயித்த பெயர் நிறுவனத்தோடு சேர்ந்தே போய்விட்டது. மும்பை கால்பந்தில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கம்பெனிகள் ஏன் அணி வைத்திருந்தன?

டாடா, மஃபத்லால், ஆர்க்கே மில்ஸ், ஏர் இந்தியா, வெஸ்டர்ன் ரயில்வே, சென்ட்ரல் பேங்க், பாரத் பெட்ரோலியம், ஓ.என்.ஜி.சி... மும்பை லீக்கின் பழைய பட்டியலைப் பார்த்தால் ஏதோ வேலைவாய்ப்பு முகாம் மாதிரி இருக்கும். ஒரு விதத்தில் அது உண்மையும்கூட.

அந்த அமைப்பில் ஆட்டக்காரர் என்பவர் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஊழியர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேருவார், காலையில் பயிற்சி, மற்ற நேரம் ஆபீஸ். 33 வயதில் கால் ஓய்ந்துபோனாலும் வேலை இருக்கும், பி.எஃப். இருக்கும். செம்பூர் - மாஹுல் பக்கம் இருக்கும் எண்ணெய், உரத் தொழிற்சாலைகளில் அப்பாவோ சித்தப்பாவோ வேலை பார்த்த வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். 'கம்பெனி வேலை' என்பது கல்யாணம், வீட்டு லோன், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே.

அதனால் கம்பெனி கால்பந்தைச் சும்மா குறை சொல்லிவிட முடியாது. டிக்கெட் வருமானமும் டிவி பணமும் இல்லாத காலத்தில், சாதாரண வீட்டுப் பையன் கால்பந்து ஆடியே வாழ்க்கையில் நிலைபெற அதுதான் வழியாக இருந்தது.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. வேலை ஆட்டக்காரருடையது, அணி கம்பெனியுடையது. 1982-ல் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பிறகு மும்பையின் ஜவுளித் தொழில் மீளவே இல்லை. தொழிலே ஆட்டம் காணும்போது அணிக்கு யார் செலவு செய்வார்கள்?

மஹிந்திரா யுனைடெட்: என்னதான் நடந்தது?

1962-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திராவின் கம்பெனி அணியாகத்தான் இதுவும் பிறந்தது. பல ஆண்டுகள் மும்பை லீக்கில் ஆடியது. 1998-ல் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. 2000-ல் பெயரை 'மஹிந்திரா யுனைடெட்' என்று மாற்றிக்கொண்டு முழுநேரத் தொழில்முறை கிளப்பாக மாறியது.

அதன்பின் வந்த பத்து ஆண்டுகளில் என்ன சாதித்தது என்று பாருங்கள்:

- டூரண்ட் கோப்பை: 2001, 2008
- ஃபெடரேஷன் கோப்பை: 2003, 2005
- தேசிய கால்பந்து லீக்: 2005-06
- ஏ.எஃப்.சி கோப்பை: 2007-ல் காலிறுதி

2005-06-ல் பயிற்சியாளர் டெரிக் பெரேரா. பிரேசிலின் ஜோசே ராமிரெஸ் பாரெட்டோ, கானாவின் யூசுஃப் யாகுபு போன்றவர்கள் முன்வரிசையில். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பெங்களூருக்காரர் சண்முகம் வெங்கடேஷும் இந்த கிளப்பில் ஆடியவர்தான். கொல்கத்தாவும் கோவாவும் ஆண்ட லீக்கை மும்பை கிளப் ஒன்று அந்த ஆண்டு ஜெயித்தது.

2010-ல் நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: சீசன் முடிந்ததும் அணி கலைக்கப்படும், இனி கவனம் பள்ளி அளவிலான கால்பந்தில். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பணம் போட்டவர் அதை வேறு எதில் போடலாம் என்று முடிவெடுப்பது சட்டப்படி அவர் உரிமை.

நாம் கவனிக்க வேண்டியது, அந்த முடிவை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதை. ஆட்டக்காரர்களுக்கு ஓட்டு இல்லை, ரசிகர்களுக்கு ஓட்டு இல்லை. வேறு யாராவது எடுத்து நடத்தலாமே என்றால், பெயரிலேயே கம்பெனி இருக்கிறது. 48 ஆண்டு வரலாறு ஒரு அறிவிப்போடு முடிந்தது.

இது மஹிந்திராவுக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. தேசிய கால்பந்து லீக் 1996-97 முதல் 2006-07 வரை 11 சீசன் நடந்தது. அதில் சாம்பியன் ஆன ஆறு கிளப்கள் பிறகு என்ன ஆயின என்று வரிசையாகப் பார்ப்போம்:

- ஜே.சி.டி (1 முறை): பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜவுளி ஆலை அணி. லீக்கின் முதல் சாம்பியன். 2011-ல் மூடப்பட்டது.
- மஹிந்திரா யுனைடெட் (1): 2010-ல் கலைக்கப்பட்டது.
- சல்கோக்கர் (1): கோவா தொழில் குடும்பத்தின் கிளப். 2016-ல் ஐ-லீக்கிலிருந்து விலகியது.
- டெம்போ (2): இதுவும் கோவா தொழில் குடும்பத்தின் கிளப்தான். அதே 2016-ல் விலகி, பல ஆண்டுகள் கழித்து 2024-25-ல் ஐ-லீக்குக்குத் திரும்பியது.
- மோகன் பகான் (3): 1889-ல் தொடங்கியது. இன்றும் உச்ச லீக்கில்.
- ஈஸ்ட் பெங்கால் (3): 1920-ல் தொடங்கியது. இன்றும் உச்ச லீக்கில்.

கடைசி இரண்டுக்கும் மற்ற நான்குக்கும் என்ன வித்தியாசம்? பணம் என்று சொல்ல முடியாது. ஈஸ்ட் பெங்கால் பணத்துக்குத் திண்டாடிய காலம் நிறைய. 2018-ல் குவெஸ் முதலீட்டாளராக வந்தது, 2020-ல் போனது. ஸ்ரீ சிமெண்ட் வந்தது, 2022-ல் போனது. அடுத்து இமாமி வந்தது. நான்கே ஆண்டில் மூன்று முதலீட்டாளர்கள். ஒவ்வொரு முறையும் பெரிய சண்டை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று இழுபறி. ஆனால் முதலீட்டாளர் போனபோது கிளப் போகவில்லை. ஏன்னா, முதலீட்டாளருக்கு முன்பே அங்கே உறுப்பினர்கள் கொண்ட ஒரு சங்கம் இருந்தது. அது பெயரைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடியது.

இந்தக் கதை தமிழ்நாட்டிலும் உண்டு. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கி, பிறகு பெயர் மாறியதுதான் சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி பாஸல் அதில் 26% பங்கு வாங்கியது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. பழைய கிளப்பாக இருந்தாலும், உரிமை சில கைகளுக்குள் போய்விட்டால் வயது காப்பாற்றாது என்பதற்கு இது உதாரணம்.

மஹிந்திராவுக்குப் பிறகு மும்பையில் என்ன ஆனது?

காலித் ஜமில் என்ற ஒரே ஆளின் பயோடேட்டாவில் அந்தக் கதை முழுக்க இருக்கிறது. மஹிந்திராவில் ஆடினார். ஏர் இந்தியாவில் ஆடினார். 2007-ல் எஸ்ஸெல் குழுமம் ஆரம்பித்த மும்பை எஃப்.சி-யில் ஆடி, 2009-ல் அதன் பயிற்சியாளர் ஆனார்.

மஹிந்திரா 2010-ல் போனது. உரிம விதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி-யும் 2013-ல் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டன. கிளப் என்பது தனி அமைப்பாக, தனிக் கணக்கோடு இருக்க வேண்டும் என்பது ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பின் எதிர்பார்ப்பு. அலுவலகத்தின் விளையாட்டுப் பிரிவு அதில் பொருந்தவில்லை.

மும்பை எஃப்.சி-யை அடுத்தடுத்து கீழிறங்காமல் காப்பாற்றிய ஜமிலின் காலம் 2016-ல் முடிந்தது. அடுத்த சீசனில் அவர் மிசோரமின் ஐசால் எஃப்.சி-க்குப் போய் அந்தச் சின்ன கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். அதே சீசனில் மும்பை எஃப்.சி கீழிறக்கப்பட்டது. பிறகு தேசிய லீக்கில் அந்தப் பெயர் வரவே இல்லை. 2025 ஆகஸ்டில் ஜமில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். அவர் உருவான மும்பை கிளப்களில் மஹிந்திராவும் இல்லை, மும்பை எஃப்.சி-யும் இல்லை.

2014-ல் வந்த மும்பை சிட்டி எஃப்.சி கதை வேறு அளவு. ஐ.எஸ்.எல் கோப்பை இரண்டு முறை, லீக் ஷீல்டு இரண்டு முறை. மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப் 2019-ல் 65% பங்கு வாங்கியது. 2025-ல் ஐ.எஸ்.எல்-லின் எதிர்காலமே தெளிவில்லாமல் போய், சீசன் தள்ளிப்போனது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்தக் குழுமம் வெளியேறியது. இந்த முறை கிளப் பிழைத்திருக்கிறது, உரிமையாளர்கள்தான் மாறினார்கள். ஆனால் ரசிகர்களுக்கு அந்த முடிவில் இருந்த பங்கு 2010-ல் இருந்த அதே பங்குதான்: செய்தியில் படித்துத் தெரிந்துகொள்வது.

சரி, ஜெர்மனியில் என்ன வித்தியாசம்?

ஹைடன்ஹைம் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 50,000. தாராவியில் அதைவிடப் பல மடங்கு பேர் இருக்கிறார்கள். அதுவும் ஒரு கம்பெனி ஊர்தான். ஃபோய்ட் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலையின் தலைமையகம் அங்கே இருக்கிறது. 15,000 பேர் கொள்ளும் மைதானத்தின் பெயரே ஃபோய்ட் அரேனா.

1846 என்ற ஆண்டைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் இந்த கிளப்பின் வேர், அந்த ஊரின் ஒரு உடற்பயிற்சிச் சங்கம். 2007-ல் கால்பந்துப் பிரிவு மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரிந்து தனி கிளப் ஆனது. அதே ஆண்டு உள்ளூர்க்காரரான ஃபிராங்க் ஷ்மிட் பயிற்சியாளர் ஆனார். அப்போது அணி கீழ் அடுக்கில் இருந்தது. 2009-ல் மூன்றாம் அடுக்கு, 2014-ல் இரண்டாம் அடுக்கு. 2023 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டம். 90 நிமிடம் முடியும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தது. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து 3-2 என்று ஜெயித்து புந்தஸ்லிகாவுக்கு ஏறியது. முதல் சீசனிலேயே எட்டாம் இடம்.

ஷ்மிட் வந்ததற்கும் புந்தஸ்லிகா வந்ததற்கும் நடுவில் 16 ஆண்டுகள். இந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஜெர்மன் தொழில்முறை கால்பந்தில் அதை '50+1' என்பார்கள். 1998-ல் கிளப்கள் தங்கள் கால்பந்துப் பிரிவை நிறுவனமாக மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: வாக்குரிமையில் பாதிக்கு மேல் தாய்ச் சங்கத்திடம், அதாவது சந்தா கட்டும் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். முதலீட்டாளர் பணம் போடலாம், கிளப்பை மூட முடியாது.

விதிவிலக்கு உண்டு. பேயர் மருந்துக் கம்பெனியின் லெவர்குசன், ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க் இரண்டும் கம்பெனி கிளப்கள்தான். 2023-24-ல் லெவர்குசன் லீக்கில் ஒரு ஆட்டம்கூட தோற்காமல் சாம்பியன் ஆனது. ஆக, கம்பெனி வைத்திருந்தாலே கிளப் அழிந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த கம்பெனி நினைக்கும்வரைதான் என்பதுதான் விஷயம்.

உறுப்பினர் கிளப் திவாலாகாதா? ஆகும். வாட்டன்ஷைட் 09 என்ற கிளப்பின் கதை மும்பை மில் அணிகளை அப்படியே நினைவுபடுத்தும். கிளாஸ் ஸ்டைல்மன் என்ற ஜவுளித் தொழிலதிபரின் ஆதரவில் 1990 முதல் 1994 வரை புந்தஸ்லிகாவில் ஆடியது. அந்த ஆதரவு போனபின் சரிந்து சரிந்து, 2019-ல் திவாலாகி சீசன் நடுவிலேயே விலகியது. ஆனால் பெயர் அழியவில்லை. அடுத்த சீசனே ஒரு அடுக்கு கீழே ஆரம்பித்து, 2022-ல் பழைய அடுக்குக்கு ஏறிவிட்டது. மஹிந்திராவுக்கும் ஜே.சி.டி-க்கும் கிடைக்காதது இந்த இரண்டாவது வாய்ப்புதான்.

இந்த 'சங்கம்' நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. ஜெர்மன்காரர்கள் 'ஃபெராய்ன்' என்று சொல்வதை மும்பைத் தமிழர்கள் 'சபா' என்று சொல்கிறோம்.

கிங்ஸ் சர்க்கிளில் ரயிலை விட்டு இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கும் சண்முகானந்தா சபா 1952-ல் உருவானது. 1963-ல் அரங்கம் கட்டியது. 1990-ல் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. ஒரு தனி முதலாளியின் சொத்தாக இருந்திருந்தால், அந்த இடத்தில் இன்று என்ன நின்றிருக்கும் என்று மும்பை நில விலை தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 1998-ல் அதே இடத்தில் அரங்கம் மறுபடி திறந்தது. பக்கத்திலேயே 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், அதாவது எஸ்.ஐ.இ.எஸ், இன்றும் பள்ளி, கல்லூரி நடத்துகிறது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. சபா, பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி என்று எல்லாவற்றையும் சங்கமாக நடத்தத் தெரிந்த ஊரில், கால்பந்தை மட்டும் கம்பெனியிடம் விட்டுவிட்டோம்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. சபாவுக்கு ஒரு அரங்கம் போதும். கால்பந்து கிளப்புக்கு மைதானம் வேண்டும். சுமார் 2.4 சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கானோர் வாழும் தாராவியில் ஒரு முழு அளவு மைதானம் என்பது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று யோசியுங்கள். ஜெர்மனியின் சின்ன ஊர்களில் நகராட்சியே சங்கங்களுக்கு மைதானம் கொடுப்பது வழக்கம். மும்பையில் மைதானம் என்றால் பெரும்பாலும் பள்ளி, ஜிம்கானா, கம்பெனி காலனி ஆகியவற்றின் சுவருக்கு உள்ளே. தாராவி மறுசீரமைப்பு பற்றிப் பேசும்போது எத்தனை மாடி என்று கேட்பதோடு, எத்தனை மைதானம், அதன் சாவி யாரிடம் என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

உங்கள் கிளப்பிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நீங்கள் ரசிகராக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆடுபவராக இருக்கலாம், பிள்ளையை அகாடமியில் சேர்க்கப்போகிறவராக இருக்கலாம். பணமோ நேரமோ போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. கிளப் எப்படிப் பதிவாகியிருக்கிறது? சங்கமா, அறக்கட்டளையா, பிரைவேட் லிமிடெட்டா?
2. சந்தா கட்டி உறுப்பினர் ஆக முடியுமா? ஆனால், பொதுக்குழுவில் ஓட்டு உண்டா? ஜெர்சி வாங்கினால் கிடைக்கும் 'மெம்பர்ஷிப் கார்டு' வேறு, இது வேறு.
3. பெயரும் லோகோவும் யார் பெயரில் இருக்கின்றன? முதலீட்டாளர் போனால் அவையும் போய்விடுமா?
4. ஜூனியர் அணிகள் யார் பொறுப்பில்? முதல் அணி மூடப்பட்டாலும் அவை தொடருமா?
5. மைதானம் சொந்தமா, குத்தகையா, தினசரி வாடகையா?

ஐந்துக்கும் நல்ல பதில் சொல்லும் கிளப் மும்பையில் அரிது. இரண்டு மூன்றுக்குச் சொன்னாலே கவனிக்க வேண்டிய கிளப். முக்கியமாக இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், அந்த உறுப்பினர் படிவத்தை வாங்கி நிரப்புங்கள். 2010-ல் மஹிந்திரா ரசிகர்களிடம் அப்படி ஒரு படிவம் இருந்திருந்தால், கிளப்பை மூடும் முன் அவர்களிடம் கேட்க வேண்டியிருந்திருக்கும்.